பிரதியை யார் எண்ணுவது? கட்டற்ற மென்பொருளும் காப்புரிமையும்

2005 வாக்கில், கணினி இதழ் ஒன்றோடு இலவசமாக வந்த குறுவட்டை வைத்து வீட்டுக் கணினியில் முதன்முதலாக லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவினேன். விடிய விடிய உட்கார்ந்ததில் ஒருவழியாகத் திரை வந்தது, சுட்டி நகர்ந்தது, இணையம்கூட வந்துவிட்டது. காலையில் அப்பாவிடம் பெருமையாகக் காட்டலாம் என்று ஒரு எம்பி3 பாட்டைத் திறந்தேன். இந்தக் கோப்பை இயக்கும் செருகுநிரல் இல்லை என்று ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்த்தது. "பாட்டே பாடாதா? இதுக்கா ராத்திரி பூரா உக்காந்திருந்தே?" என்றார் அப்பா. என்னிடம் பதில் இல்லை.

லினக்ஸ்காரர்களுக்கு எம்பி3யைப் பாடவைக்கத் தெரியவில்லை என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். பிறகுதான் விஷயம் தெரிந்தது. அதற்கான நிரல் எப்போதோ எழுதப்பட்டு, உலகம் முழுக்கப் பலர் கையில் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. லினக்ஸை மற்ற மென்பொருள்களோடு தொகுத்து வழங்கும் பல லினக்ஸ் வெளியீடுகள் தெரிந்தே அதை எடுத்துவிட்டிருந்தன. ரெட் ஹாட் நிறுவனம் 2002இல் வெளியிட்ட 8.0 பதிப்பிலேயே எம்பி3 வசதியை நீக்கிவிட்டது. எழுதத் தெரிந்த நிரலை எழுதியவரே கொடுக்க முடியாமல் போவது எப்படி? அதைத்தான் இங்கே அடிப்படையிலிருந்து பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு சொல் வில்லங்கம்

தமிழில் இந்தப் பேச்சை எடுத்தாலே ஒரு குழப்பம் வந்து நிற்கும். காப்பிரைட், பேட்டன்ட் இரண்டையுமே நாம் 'காப்புரிமை' என்று எழுதிப் பழகிவிட்டோம். புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் இருப்பதும் காப்புரிமை, மருந்துக் கம்பெனி வழக்கில் வருவதும் காப்புரிமை. இரண்டும் வேறு வேறு சட்டம், வேறு வேறு குணம். இந்தக் கட்டுரையில் காப்பிரைட்டைப் பதிப்புரிமை என்றும், பேட்டன்ட்டைக் காப்புரிமை என்றும் சொல்கிறேன்.

வித்தியாசத்துக்கு ஒரு கோலத்தை எடுத்துக்கொள்வோம். வாசலில் நீங்கள் ஒரு சிக்குக் கோலம் போடுகிறீர்கள். அந்தக் கோலத்தை ஒருவர் படமெடுத்து, அப்படியே அச்சடித்து விற்றால் நீங்கள் சண்டைக்குப் போகலாம், அது பதிப்புரிமை. அடுத்த தெருவில் ஒரு பெண் தன் மனதில் தோன்றிய வேறொரு கோலத்தைப் போட்டால் உங்களுக்கு அதில் பேச்சே இல்லை. காப்புரிமை இப்படி ஒரு கோலத்தோடு நிற்காது. 'சீரான இடைவெளியில் புள்ளிகள் இட்டு, அவற்றைச் சுற்றி ஒரே கோட்டை வளைத்துக்கொண்டுபோய்த் தொடங்கிய இடத்திலேயே முடிக்கும் முறை' என்று அந்த முறைக்கே உரிமை எழுதி வாங்குவது அது. வாங்கிவிட்டால், உங்கள் வாசலை எட்டிக்கூடப் பார்க்காத ஒருவர் தானாகவே யோசித்துப் புள்ளி வைத்தாலும் உங்கள் அனுமதி வேண்டும். கோலத்துக்கு யாரும் காப்புரிமை தரமாட்டார்கள், பாட்டிக்குப் பாட்டி காலத்திலேயே இருந்தது என்று தள்ளிவிடுவார்கள். உதாரணத்துக்குச் சொல்கிறேன்.

இந்த இரண்டாவது குணம்தான் நிரல் எழுதுபவர்களைப் படுத்துகிறது. யாரிடமிருந்தும் ஒரு வரிகூட எடுக்காமல், எல்லாவற்றையும் நானே எழுதினேன் என்றால் பதிப்புரிமைச் சிக்கல் வராது. காப்புரிமை வழக்கில் அந்தப் பதில் செல்லாது. எங்கிருந்து எடுத்தாய் என்று அங்கே கேட்கமாட்டார்கள். உன் நிரல் இந்த முறையில் வேலை செய்கிறதா இல்லையா என்றுதான் கேட்பார்கள்.

கட்டற்ற மென்பொருள் இயக்கம் பதிப்புரிமையை மிகக் கெட்டிக்காரத்தனமாகக் கையாண்டது. நிரல் என்னுடையது, அதனால் அதை எந்த நிபந்தனையோடு கொடுப்பது என்பதும் என் இஷ்டம். யாரும் பயன்படுத்தலாம், படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஜிபிஎல் போன்ற உரிமங்கள் நிற்பது இந்த அஸ்திவாரத்தில்தான். ஆனால் கையில் இருப்பதைத்தானே கொடுக்க முடியும்? நிரல் உங்களுடையது. அது செய்யும் வேலையின் முறை வேறு யாரோ ஒருவர் பெயரில் பதிவாகியிருந்தால், அதைத் தானம் செய்ய நீங்கள் யார்?

ஜிஃப் படம் கற்றுக்கொடுத்தது

காப்புரிமை எப்படிப் பதுங்கியிருந்து பாயும் என்பதற்கு இன்றுவரை எல்லோரும் சொல்லும் கதை ஜிஃப் படத்தின் கதை. 1984இல் டெர்ரி வெல்ச் என்பவர் கோப்புகளைச் சுருக்கும் ஒரு முறையை ஆய்விதழ் ஒன்றில் விளக்கி எழுதினார். லெம்பல், சிவ், வெல்ச் மூவர் பெயரின் முதலெழுத்தையும் சேர்த்து எல்.இசட்.டபிள்யூ. என்பார்கள். அழகான, எளிமையான முறை. கட்டுரையைப் படித்த ஒரு நல்ல நிரலர் கொஞ்ச நாளில் எழுதிவிடலாம். எழுதவும் செய்தார்கள். யூனிக்ஸ் இயங்குதளத்தில் 'கம்ப்ரெஸ்' என்ற கருவி வந்தது. 1987இல் கம்ப்யூசெர்வ் நிறுவனம் ஜிஃப் பட வடிவத்தை உருவாக்கியபோது இதே முறையை உள்ளே வைத்தது. ஆய்விதழில் அச்சான முறை ஊருக்குப் பொது என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

கட்டுரை வருவதற்கு முந்தைய ஆண்டே, 1983 ஜூனில், வெல்ச் அப்போது வேலை பார்த்த ஸ்பெர்ரி நிறுவனம் அந்த முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்திருந்தது. 1985 டிசம்பரில் அது கிடைத்தும்விட்டது. ஸ்பெர்ரி பிறகு பர்ரோஸ் நிறுவனத்தோடு சேர்ந்து யூனிசிஸ் ஆனது. இணையம் பரவி, பக்கத்துக்குப் பக்கம் ஜிஃப் படம் ஆடிக்கொண்டிருந்த நேரத்தில், 1994 டிசம்பர் கடைசி வாரத்தில் அறிவிப்பு வந்தது: ஜிஃப் வடிவத்தைக் கையாளும் மென்பொருள்கள் இனி உரிமம் வாங்க வேண்டும். ஊரே குடியேறிய பிறகு மனைக்குப் பட்டா காட்டிய மாதிரி.

கட்டற்ற மென்பொருள்காரர்கள் இதை ஓரளவு முன்பே மோப்பம் பிடித்திருந்தார்கள். கம்ப்ரெஸ் கருவிக்கு மாற்றாக 1992லேயே 'ஜிசிப்' வந்துவிட்டது. அது வேறு முறையில் சுருக்குவது. ஜிஃப்புக்கு மாற்றாகச் சில மாதங்களில் இணையத்திலேயே கூடிப் பேசி ஒரு வடிவத்தை உருவாக்கினார்கள். இன்று நாம் தினமும் பயன்படுத்தும் பிஎன்ஜி அதுதான். தொந்தரவு கொடுத்ததற்காக யூனிசிஸுக்கு ஒரு நன்றி சொல்லலாம் என்று எனக்குச் சமயத்தில் தோன்றும். அமெரிக்காவில் அந்தக் காப்புரிமை 2003 ஜூன் 20 அன்று காலாவதியானது. காப்புரிமைக்கு ஆயுள் பொதுவாக விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். மென்பொருள் உலகில் 20 ஆண்டு என்பது கிட்டத்தட்ட ஒரு யுகம்.

பிரதிக்கு இவ்வளவு

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருவோம். காப்புரிமை வைத்திருப்பவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. உழைத்துக் கண்டுபிடித்தோம், பயன்படுத்துபவர்கள் ஒரு சிறு தொகை கொடுக்கட்டும் என்று அவர் கேட்பது நியாயமாகக்கூடத் தோன்றலாம். சிக்கல் தொகையில் இல்லை, கணக்கில் இருக்கிறது.

எம்பி3 முறையில் முக்கியமான பல காப்புரிமைகள் ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்திடமும் அதன் கூட்டாளி நிறுவனத்திடமும் இருந்தன. 1998 செப்டம்பரில், எம்பி3 கோப்பு உருவாக்கும் இலவச மென்பொருள்களை எழுதியவர்களுக்கு உரிமம் வாங்கச் சொல்லி ஃபிரான்ஹோஃபரிடமிருந்து கடிதம் போனது. கணினியில் எம்பி3 பாடும் மென்பொருளுக்குப் பிரதி ஒன்றுக்கு 0.75 டாலர், ஆண்டுக்குக் குறைந்தபட்சம் 15,000 டாலர் என்பது பின்னாளில் அவர்கள் வெளியிட்டிருந்த கட்டணப் பட்டியல். பெட்டியில் போட்டு மென்பொருள் விற்கும் கம்பெனிக்கு இது பெரிய விஷயமில்லை. எத்தனை பெட்டி போனது என்று தெரியும், விலையில் முக்கால் டாலரைச் சேர்த்துவிடலாம்.

திருவண்ணாமலையில் ஒரு கல்லூரி மாணவர் இரவில் உட்கார்ந்து ஒரு பாட்டுப்பெட்டி மென்பொருள் எழுதி இணையத்தில் வைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டற்ற உரிமம். பத்துப் பேர் இறக்கிக்கொள்கிறார்கள். அதில் ஒருவர் பென் டிரைவில் போட்டு வகுப்பு முழுக்கக் கொடுக்கிறார். இன்னொருவர் பிரேசிலில் இருக்கிறார். அவர் நிரலில் பாதியை எடுத்துத் தன் மென்பொருளில் சேர்க்கிறார். அதை ஒரு லினக்ஸ் வெளியீடு எடுத்துக்கொள்கிறது, அதிலிருந்து நாற்பது வெளியீடுகள் பிரிகின்றன. மொத்தம் எத்தனை பிரதி? மாணவருக்கும் தெரியாது, பிரேசில்காரருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் ஒவ்வொருவரும் மற்றவருக்குக் கொடுக்கும்போது சொல்லிவிட்டுக் கொடுக்க வேண்டும். அப்படி ஒரு நிபந்தனை போட்டால் அது கட்டற்ற மென்பொருளாகவே இருக்காது. பிரதிக்குக் கால் காசு என்று குறைத்தாலும் இந்த இடத்தில் கதை மாறாது.

சரி, யாராவது ஒரு புண்ணியவான் அந்த மாணவருக்காக மொத்தமாகப் பணம் கட்டிவிட்டால்? அப்போதும் தீராது. காப்புரிமை உரிமம் அதை வாங்கியவரோடு முடிந்துவிடும். பிரேசில்காரர் மாற்றியமைத்த பிரதிக்கு அது பொருந்தாது. வாங்குபவர் மாற்றலாம், கொடுக்கலாம் என்று ஒரு கையால் சொல்லிவிட்டு, மாற்றினால் வழக்கு வரும் என்று மறுகையால் எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

அதனால்தான் தரவடிவங்களை வகுக்கும் அமைப்புகள் 'நியாயமான, பாரபட்சமற்ற' கட்டணம் என்று எழுதும்போது கட்டற்ற மென்பொருள்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கும் அந்தச் சொற்றொடர், பிரதியை எண்ணக்கூடியவர்களுக்குள் மட்டும்தான் பாரபட்சம் பார்க்காது. இணையத் தரங்களை வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு 2004இல், தன் தரங்களுக்குக் காப்புரிமைக் கட்டணமே கூடாது என்ற கொள்கையை ஏற்றது. உலாவி எழுதுவதை யாரும் உரிமம் வாங்கிச் செய்யவேண்டியதில்லாமல் போனதில் அந்த முடிவுக்குப் பெரிய பங்கு உண்டு.

எம்பி3க்கு வந்த பதிலும் பிஎன்ஜி மாதிரிதான். கிறிஸ் மாண்ட்கோமரியும் நண்பர்களும் அந்தக் கடிதங்களுக்குப் பிறகு முனைந்து 'வோர்பிஸ்' என்ற ஒலி வடிவத்தை உருவாக்கினார்கள். 2002 ஜூலையில் அதன் 1.0 பதிப்பு வந்தது. தரத்தில் எம்பி3க்குக் குறைந்ததில்லை. ஆனால் அப்பாவின் பாட்டெல்லாம் எம்பி3யில்தானே இருந்தது? மாற்று வடிவம் செய்வது பாதி வேலை. உலகத்தை அதற்கு மாறவைப்பது மீதிப் பாதி, அதில் வோர்பிஸ் பெரிதாக ஜெயிக்கவில்லை. கடைசியில் காலம்தான் தீர்த்து வைத்தது. ஃபெடோரா என்ற லினக்ஸ் வெளியீடு 2016 நவம்பரில் எம்பி3 பாடும் வசதியையும், ஃபிரான்ஹோஃபர் தரப்பு 2017 ஏப்ரலில் உரிமத் திட்டத்தையே முடித்துக்கொண்ட பிறகு, எம்பி3 உருவாக்கும் வசதியையும் சேர்த்தது.

சிஸ்கோ செய்த விநோத உதவி

ஒலியில் எம்பி3 என்றால் காணொளியில் எச்.264. கைப்பேசி, தொலைக்காட்சி, வீடியோ அழைப்பு என்று எங்கும் இருப்பது. இதில் பல நிறுவனங்களின் காப்புரிமைகளை ஒரே தொகுப்பாகச் சேர்த்து உரிமம் கொடுத்தார்கள். எம்பெக் எல்ஏ என்ற நிறுவனம் அப்போது அந்தத் தொகுப்பை நிர்வகித்தது. கட்டணம் ஆண்டுக்கு முதல் ஒரு லட்சம் பிரதிகளுக்கு இல்லை, அதற்கு மேல் பிரதிக்கு 20 சென்ட், 50 லட்சம் தாண்டினால் 10 சென்ட், ஒரு நிறுவனம் ஓராண்டில் கட்டுவதற்கு ஓர் உச்சவரம்பு. முதல் லட்சம் இலவசம் என்றால் சின்ன ஆளுக்குக் கவலையில்லையே என்று தோன்றும். ஆனால் அதற்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக் கணக்குக் காட்ட வேண்டும். மறுபடியும் எண்ணுகிற வேலை.

2013 அக்டோபரில் சிஸ்கோ நிறுவனம் ஒரு யோசனை சொன்னது. எங்களுடைய எச்.264 நிரலின் மூலத்தை, அதாவது நிரலர் எழுதிய வரிகளை, எல்லோருக்கும் திறந்துவிடுகிறோம். அதைத் தொகுத்து இயங்கு கோப்பாக எங்கள் வழங்கியிலேயே வைக்கிறோம். அங்கிருந்து யார் இறக்கிக்கொண்டாலும் காப்புரிமைக் கட்டணம் எங்கள் கணக்கு. ஓப்பன்எச்264 என்று பெயர். ஃபயர்ஃபாக்ஸ் உலாவி இதை ஏற்றுக்கொண்டது.

இதில் வேடிக்கையைக் கவனியுங்கள். மூலநிரல் எல்லோர் கையிலும் இருக்கிறது. அதை உங்கள் கணினியில் நீங்களே தொகுத்தால், ஒரு பைட் மாறாமல் அதே கோப்பு வந்தாலும், அதற்குக் காப்புரிமை உரிமம் கிடையாது. சிஸ்கோ தொகுத்து, சிஸ்கோவின் இடத்திலிருந்து வந்தால்தான் உண்டு. ஒரு பிழையைத் திருத்தினால் திருத்திய பிரதிக்கும் இல்லை. ஃபெடோராகாரர்கள் இதற்காகப் பொதியைத் தாங்கள் தயாரித்து, சிஸ்கோவிடம் கொடுத்து, பயனர்களை அங்கிருந்து இறக்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். மாற்றும் சுதந்திரம் உரிமத்தில் இருக்கிறது, நடைமுறையில் இல்லை. உதவி உதவிதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனாலும் இதைத் தீர்வு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இது பழங்கதையும் இல்லை. 2022 செப்டம்பரில் ஃபெடோரா தன் வரைகலைப் பொதியில், எச்.264, எச்.265 காணொளிகளைக் கணினியின் வரைகலைச் சில்லு வழியாக வேகமாக ஓட்டும் வசதியை நிறுத்தியது. காரணம் அதே காப்புரிமைப் பயம். புதுக் கணினி வாங்கி லினக்ஸ் போட்டவர்கள், படம் ஓடும்போது விசிறி ஏன் இப்படிக் கத்துகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

உரிமங்கள் என்ன சொல்கின்றன

மென்பொருள் உரிமம் எழுதியவர்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 1991இல் வந்த ஜிபிஎல் இரண்டாம் பதிப்பிலேயே ஏழாவது பிரிவு இதற்காகத்தான் இருக்கிறது. காப்புரிமை காரணமாக, உங்களிடமிருந்து பெறுகிறவர்கள் எல்லோரும் கட்டணமில்லாமல் மறுபடி கொடுக்க முடியாத நிலை வந்தால், நீங்களும் கொடுக்கக் கூடாது என்கிறது அது. கொடுத்தால் முழுச் சுதந்திரத்தோடு கொடு, இல்லையென்றால் நிறுத்து. கடுமையான விதியாகத் தோன்றும். ஆனால் ஒரு பெரிய கம்பெனி தனக்கு மட்டும் காப்புரிமை உரிமம் வாங்கிக்கொண்டு, ஊரார் எழுதிய நிரலைத் தனிச்சொத்து மாதிரி விற்பதை அடைப்பதற்கு வேறு வழியில்லை.

2006 நவம்பரில் அந்த அடைப்பிலும் ஒரு பொத்தல் தெரிந்தது. மைக்ரோசாஃப்டும், சூசே லினக்ஸை விற்றுவந்த நோவெல் நிறுவனமும் ஓர் ஒப்பந்தம் செய்தன. மைக்ரோசாஃப்ட் நோவெலுக்கு நேரடியாக உரிமம் தரவில்லை. நோவெலின் வாடிக்கையாளர்கள் மேல் வழக்குப் போடமாட்டோம் என்று வாக்குக் கொடுத்தது. அப்படியென்றால் மற்ற லினக்ஸ் வைத்திருப்பவர்கள் மேல்? அந்தக் கேள்வியைக் காற்றில் விட்டுவிட்டார்கள். 2007 ஜூன் 29 அன்று வெளியான ஜிபிஎல் மூன்றாம் பதிப்பின் பதினோராவது பிரிவு இத்தகைய பேரங்களைக் குறிவைத்து எழுதப்பட்டது. சிலருக்கு மட்டும் பாதுகாப்பு கொடுத்தால் அது நிரலைப் பெறும் எல்லோருக்கும் நீளும். நிரலை இந்த உரிமத்தில் தருபவர், அந்த நிரலுக்குத் தேவையான தன் காப்புரிமைகளையும் சேர்த்தே தந்தவராகிறார்.

2004 ஜனவரியில் வந்த அப்பாச்சி 2.0 உரிமத்திலும் இதேபோலக் காப்புரிமைக் கொடை தெளிவாக இருக்கிறது. கூடவே ஒரு பதிலடியும் உண்டு: இந்த மென்பொருள் உன் காப்புரிமையை மீறுகிறது என்று வழக்குப் போட்டால், இதன்மூலம் உனக்குக் கிடைத்த காப்புரிமை அனுமதி அந்த நாளோடு போய்விடும். எம்ஐடி, பிஎஸ்டி போன்ற குட்டி உரிமங்கள் காப்புரிமை என்ற சொல்லையே எடுப்பதில்லை. 'பயன்படுத்தலாம்' என்று சொன்னதிலேயே அதுவும் அடங்கும் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. வாதிட வேண்டியிருக்கிறது என்பதுதான் அதில் குறை.

பதிலடி விதியும் எல்லை மீறலாம். வலைப்பக்கங்களின் முகப்பை எழுத உதவும் தன் ரியாக்ட் நிரல் நூலகத்தோடு ஃபேஸ்புக் வைத்திருந்த காப்புரிமைக் குறிப்பு, ரியாக்ட்டுக்குத் தொடர்பே இல்லாத விஷயத்தில் ஃபேஸ்புக் மேல் காப்புரிமை வழக்குப் போட்டாலும் ரியாக்ட்டுக்கான அனுமதி போய்விடும் என்றது. 2017 ஜூலையில் அப்பாச்சி அறக்கட்டளை, தன் திட்டங்களில் இதைச் சேர்க்கக் கூடாது என்றது. செப்டம்பரில் ஃபேஸ்புக் இறங்கிவந்து எம்ஐடி உரிமத்துக்கு மாற்றியது.

எந்த உரிமமாக இருந்தாலும் ஒன்றை மறந்துவிடாதீர்கள். நிரலில் பங்களித்தவர்களின் காப்புரிமையை மட்டும்தான் அது கட்டும். வெளியிலிருந்து வரும் மூன்றாம் ஆளிடம் எந்த உரிமமும் பேசாது.

மூன்றாம் ஆள் வந்தால்

வந்த கதை இருக்கிறது. 2019இல் ரோத்ஸ்சைல்டு பேட்டன்ட் இமேஜிங் என்ற அமெரிக்க நிறுவனம், லினக்ஸ் கணினிகளுக்கான திரைச்சூழலை உருவாக்கும் நோம் திட்டத்தின் அறக்கட்டளை மேல் வழக்குப் போட்டது. ஷாட்வெல் என்ற புகைப்பட மேலாளர் மென்பொருள், படங்களைக் கம்பியில்லா வழியில் தேர்ந்தெடுத்து அனுப்பும் தங்கள் முறையை மீறுகிறது என்பது புகார். இப்படிப்பட்ட நிறுவனங்களைக் காப்புரிமை ட்ரோல் என்பார்கள். சொந்தமாகப் பொருள் எதுவும் செய்யாது. காப்புரிமைகளை வைத்துக்கொண்டு கடிதமும் வழக்குமாகக் காசு பார்க்கும். வழக்கை நடத்த ஆகும் செலவைவிடக் குறைவாக ஒரு தொகை கேட்பார்கள், பெரும்பாலானவர்கள் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுவார்கள்.

நோம் ஒதுங்கவில்லை. ஒரு சட்ட நிறுவனம் கட்டணமில்லாமல் வாதாட முன்வந்தது, உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானோர் நன்கொடை கொடுத்தார்கள். 2020 மே மாதம் சமரசம் ஆனது. நோமை விட்டுவிடுவதோடு, அங்கீகரிக்கப்பட்ட திறமூல (மூலநிரலைத் திறந்து தரும்) உரிமத்தில் வெளியாகும் எந்த மென்பொருள் மேலும் தங்கள் காப்புரிமைகளை வைத்து வழக்குப் போடமாட்டோம் என்று எதிர்த்தரப்பு எழுதிக் கொடுத்தது. அதோடு முடியவில்லை. ஒரு வழக்கறிஞர் தனியாக அந்தக் காப்புரிமையை மறுபரிசீலனைக்கு அனுப்ப, 2022இல் அது செல்லாமலே போனது.

மறுபரிசீலனை என்றதும் நமக்கு மஞ்சள் ஞாபகம் வரும். காயத்துக்கு மஞ்சள் போடுவதற்கு 1995இல் அமெரிக்காவில் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையம் காப்புரிமை வாங்க, நம் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழுமம் பழைய நூல்களையும் ஆய்விதழ்களையும் சான்றாக அடுக்கி 1997இல் அதை ரத்து செய்யவைத்தது. சட்டத்தில் விதி ஒன்றுதான்: விண்ணப்பத்துக்கு முன்பே ஊருக்குத் தெரிந்த விஷயம் புதுமை ஆகாது. மஞ்சளுக்கு ஏட்டில் சான்று இருந்தது. மென்பொருளில் பழைய நிரலும் பழைய கையேடும்தான் சான்று. தேதியோடு வெளிப்படையாக வைக்கப்பட்ட நிரல் களஞ்சியம், பிற்பாடு அதே முறைக்கு யாராவது உரிமை கேட்டு வந்தால் மறித்து நிற்கும்.

பெரிய கம்பெனிகளுக்குள் நடக்கும் சண்டைக்கு வேறொரு ஏற்பாடு இருக்கிறது. 2005இல் ஐபிஎம், நோவெல், பிலிப்ஸ், ரெட் ஹாட், சோனி சேர்ந்து ஓப்பன் இன்வென்ஷன் நெட்வொர்க் என்ற அமைப்பைத் தொடங்கின. உறுப்பினர்கள் லினக்ஸ் சம்பந்தப்பட்ட தங்கள் காப்புரிமைகளை ஒருவர்மேல் ஒருவர் பிரயோகிப்பதில்லை என்று உறுதி கொடுக்கிறார்கள். 2009இல் லினக்ஸில் ஓடிய டாம்டாம் வழிகாட்டிக் கருவிகளுக்காக வழக்குப் போட்ட அதே மைக்ரோசாஃப்ட், 2018 அக்டோபரில் சுமார் 60,000 காப்புரிமைகளோடு இதில் சேர்ந்தது. ட்ரோலிடம் இந்த ஏற்பாடு பலிக்காது. எதையும் தயாரிக்காதவனை, நீயும் என் காப்புரிமையை மீறுகிறாய் என்று எப்படி மிரட்டுவது?

நாட்டுக்கு நாடு

காப்புரிமை அது வழங்கப்பட்ட நாட்டுக்குள்தான் செல்லும். அமெரிக்காதான் மென்பொருளுக்கு வாரி வழங்கிய நாடு. 2014 ஜூனில் ஆலிஸ் வழக்கில் அங்கே உச்ச நீதிமன்றம், ஒரு பொதுவான யோசனையைக் கணினியில் செய்கிறோம் என்பதால் மட்டும் அது கண்டுபிடிப்பாகிவிடாது என்று தீர்ப்பளித்த பிறகு கொஞ்சம் இறுகியிருக்கிறது. ஐரோப்பாவில் மென்பொருள் காப்புரிமைக்கு வழிவிடக்கூடிய ஒரு சட்ட முன்வரைவை 2005 ஜூலையில் ஐரோப்பிய நாடாளுமன்றம் 648க்கு 14 என்ற வாக்கில் தூக்கி எறிந்தது. பாட்டும் படமும் ஓட்டும் விஎல்சி மென்பொருளை எழுதும், பிரான்ஸில் இருக்கும் குழு, எங்கள் நாட்டில் மென்பொருள் காப்புரிமை செல்லாது என்று சொல்லி எல்லா வடிவங்களையும் உள்ளேயே வைத்துக் கொடுக்கிறது. நாம் எல்லோரும் விஎல்சியில் எல்லாமே ஓடும் என்று சொல்வதன் பின்னால் இப்படி ஒரு சட்டக் காரணமும் உண்டு.

இந்தியாவில் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு, கணித முறை, வணிக முறை, அல்காரிதம், வெறும் நிரல் என்ற அளவில் மட்டும் நிற்கும் கணினி நிரல் ஆகியவற்றுக்குக் காப்புரிமை இல்லை என்கிறது. 'என்ற அளவில் மட்டும்' என்ற அந்த ஒட்டுச் சொல் 2002 திருத்தத்தில் வந்தது. அதற்கு என்ன பொருள் என்றுதான் அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் இன்னும் இழுபறி. 2004 டிசம்பரில் ஓர் அவசரச் சட்டம் இந்த வாசலை அகலத் திறக்கப் பார்த்தது. 2005இல் நாடாளுமன்றம் அந்தப் பகுதியைக் கைவிட்டது. பிற்பாடு வந்த வழிகாட்டு நெறிமுறைகள் ஒரு தடவை இறுக்கின, ஒரு தடவை தளர்த்தின. வன்பொருளில் புதுமை வேண்டும் என்று 2016இல் சொன்னதை 2017இல் எடுத்துவிட்டார்கள்.

அப்படியானால் சென்னையில் உட்கார்ந்து எழுதுபவருக்குக் கவலையில்லையா? ஓரளவுக்கு இல்லை. ஆனால் உங்கள் நிரலை எடுத்து அமெரிக்காவில் பொருளாக விற்கும் கம்பெனிக்குக் கவலை உண்டு. அதனால் அது உங்கள் நிரலைத் தொடத் தயங்கும். லினக்ஸ் வெளியீடுகளின் பின்னால் இருக்கும் நிறுவனங்கள் பலவும் அமெரிக்காவில்தான் இருக்கின்றன. என் குறுவட்டில் பாட்டு பாடாமல் போனதும் இப்படித்தான். இங்கே யாரும் யார்மேலும் வழக்குப் போடவில்லை.

புதிதாக எழுதுபவருக்கு

முதல் யோசனை கொஞ்சம் விசித்திரமாக இருக்கும்: உட்கார்ந்து காப்புரிமைகளைத் தேடிப் படிக்காதீர்கள். அமெரிக்கச் சட்டத்தில், தெரிந்தே மீறினார் என்று நிரூபணமானால் நீதிமன்றம் இழப்பீட்டை மூன்று மடங்கு வரை உயர்த்தலாம். அதனால் பல நிறுவனங்கள் தங்கள் நிரலர்களைக் காப்புரிமை ஆவணங்கள் பக்கமே போகாதே என்கின்றன. புதுமையை ஊருக்குச் சொல்லத்தான் காப்புரிமை என்ற ஏற்பாடே வந்தது. அதைப் படிக்கக் கூடாத பொருளாக்கிவிட்டார்கள்.

பார்க்க வேண்டியது நீங்கள் எடுத்துக்கொள்ளும் தரவடிவத்தை. ஒரு ஒலி, காணொளி, கோப்பு வடிவத்தைத் தொடுவதற்கு முன், அதை வகுத்த அமைப்பின் காப்புரிமைக் கொள்கை என்ன, கட்டணமில்லாததா என்று அரை மணி நேரம் செலவழித்துப் பாருங்கள். காணொளி என்றால் ஏவி1 மாதிரி, கட்டணமில்லாமல் பயன்படுத்தவென்றே உருவாக்கிய வடிவம் போதுமா என்று யோசியுங்கள். சிக்கலான பகுதியைக் கழற்றி மாட்டும் செருகுநிரலாக வைத்தால், அது இல்லாமலும் உங்கள் மென்பொருளை ஒருவர் தைரியமாக விநியோகிக்கலாம்.

உரிமத்தைப் பொறுத்தவரை, சின்ன எழுத்துரு மாற்றிக்கு எம்ஐடி போதும். பல கம்பெனிக்காரர்கள் வந்து கைவைக்கப்போகும் திட்டம் என்றால் நான் அப்பாச்சி 2.0 அல்லது ஜிபிஎல் மூன்றைத்தான் சொல்வேன். வந்து எழுதிவிட்டுப் போனவர் நாளைக்கு அதே நிரலுக்குக் காப்புரிமைக் கடிதம் அனுப்ப முடியாது. நீங்களே ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு மாலையில் பங்களிப்பவர் என்றால், பணி ஒப்பந்தத்தில் கண்டுபிடிப்புகள் யாருக்குச் சொந்தம் என்ற பத்தியைத் தேடிப் படியுங்கள். அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், என்றாவது உண்மையிலேயே கடிதம் வந்தால், மற்ற நிரலர்களிடம் புலம்பும் ஆசையைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள். பொதுவெளியில் "ஆமாம், நாமும் அந்த முறையைத்தான் வைத்திருக்கிறோம், என்ன செய்யலாம்?" என்று எழுதும் ஒரு வரியை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அச்செடுத்துக் கோப்பில் வைப்பார். பதிலும் போடாதீர்கள், நிரலையும் அவசரமாக அழிக்காதீர்கள். கடிதத்தில் எந்த நாட்டுக் காப்புரிமை, எண் என்ன, எந்தத் தேதியில் விண்ணப்பித்தது என்று இருக்கிறதா பாருங்கள். இல்லாமலே வரும் கடிதங்களும் உண்டு. அதை எடுத்துக்கொண்டு, காப்புரிமை வழக்கு பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரிடம் போங்கள்.